ஆளொழிந்த திண்ணை

2005ஆம் ஆண்டு, தென்கொரியாவின் சியோல் நகரம். வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும் ஒரு கல்லூரி மாணவி முதல் வேலையாகக் கணினியைத் திறப்பாள். திரையின் நடுவே நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு சிறிய சன்னல் விரியும். அதற்கு 'மினிஹோம்பி' என்று பெயர். இணையத்தில் அவளுக்கென்று இருக்கும் குட்டி வீடு அது. இடப்பக்கம் அவள் புகைப்படம், அதன் அருகே இன்றைய மனநிலை. மேலே இரண்டு எண்கள்: இன்று எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர், இதுவரை வந்துபோனவர்கள் எத்தனை பேர். வலப்பக்க ஓரத்தில் நாட்குறிப்பு, புகைப்படம், விருந்தினர் ஏடு என்று வரிசையாகப் பிரிவுகள். நடுவில் கொலு வைத்ததுபோல் ஒரு சிறிய அறை, உள்ளே அவளுக்குப் பதிலாக நிற்கும் ஒரு பொம்மை. பக்கம் திறந்ததும் ஒரு பாட்டு ஒலிக்கும். வருகிறவர்கள் கேட்கட்டும் என்று காசு கொடுத்து வாங்கி வைத்த பாட்டு.

அந்தத் தலைமுறைக்கு இன்று நாற்பது வயது. அவர்களில் பலருடைய கல்லூரிக் காலத்துப் படங்கள் கையிலிருக்கும் போனில் இல்லை. அவை அந்தக் குட்டி வீடுகளுக்குள் இருந்தன. வீடுகள் இருந்த ஊரின் பெயர் சைவேர்ல்ட். கொரிய மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்திருந்த அந்த ஊர், கைமாறிக் கைமாறி, மூடித் திறந்து, 2023இல் மறுபடியும் கதவடைத்தது.

இப்படி ஆனது சைவேர்ல்ட் மட்டுமா? நெதர்லாந்தில், ஹங்கேரியில், ஸ்பெயினில், ஜெர்மனியில், நம் பெங்களூரில் என்று சொந்த மொழியில், சொந்த மக்களுக்காக எழுந்த சமூக வலைத்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆளொழிந்து போயிருக்கின்றன. தரம் குறைவு, அதனால் போயின என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. நண்பர் பட்டியல், படத் தொகுப்பு, சுவரில் எழுதிவைத்துப் போகும் வசதி எல்லாம் ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே இவற்றில் சில தளங்களில் இருந்தன. அப்படியிருந்தும் ஏன் நிலைக்கவில்லை? அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு படி உறவு

1999இல் கெய்ஸ்ட் என்ற கொரிய அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் தொடங்கியது சைவேர்ல்ட். கொரிய மொழியில் 'சாய்' என்றால் 'இடையே' என்று பொருள். இரண்டு பேருக்கு இடையில் இருக்கும் உறவையும் அந்தச் சொல் குறிக்கும். பெயரிலேயே உறவை வைத்துக்கொண்டு பிறந்த தளம் அது.

அதன் உயிர்நாடி 'இல்ச்சோன்' என்ற ஒரு சொல். கொரியர்கள் சொந்தத்தைப் படி கணக்கில் அளப்பார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு படி. அப்பாவின் சகோதரர் மூன்றாம் படி, அவரை அழைக்கும் 'சம்ச்சோன்' என்ற சொல்லிலேயே மூன்று இருக்கிறது. அவர் பிள்ளைகள் நாலாம் படி, 'சாச்சோன்'. கணவன் மனைவிக்கு இடையே படியே கிடையாது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, பங்காளி என்று உறவைப் பிரித்துப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். சைவேர்ல்டில் நண்பராகச் சேர்ந்தவரை வெறும் நண்பர் என்று சொல்லாமல் 'இல்ச்சோன்', அதாவது ஒரு படி உறவு என்றார்கள். பெற்ற தாய்க்கு இணையான இடம். சேரும்போதே இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் ஊர் பார்க்கத் தொங்கும்.

நாணயம்கூட அவர்கள் மண்ணில் விளைந்தது. 'தொத்தோரி' என்றால் ஓக் மரத்தின் கொட்டை. கொரியக் காடுகளில் கிடைப்பது. அதன் மாவைக் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போட்டு உண்பது அவர்கள் வழக்கம். சைவேர்ல்டில் ஒரு கொட்டையின் விலை 100 வொன். பொம்மைக்குச் சட்டை, அறைக்கு நாற்காலி, பக்கத்துக்குப் பாட்டு எல்லாம் இந்தக் கொட்டையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு நண்பர்கள் கொட்டை பரிசளித்துக் கொண்டார்கள்.

ஒருவர் பக்கத்திலிருந்து அவருடைய உறவின் பக்கத்துக்கு, அங்கிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு என்று போய்க்கொண்டே இருப்பதற்கு 'அலையேறிப் போவது' என்று பெயர். ஒரு படம் பிடித்துப் போனால் அதை எடுத்துத் தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். எடுத்ததைச் சொல்லாமல் போக மாட்டார்கள். 'அள்ளிக்கொண்டு போகிறேன்' என்று ஓர் இதயக் குறியோடு எழுதிவிட்டுத்தான் போவார்கள். அந்த ஒரு வரி அந்தக் காலத்தின் அடையாளமாகவே கொரியாவில் நின்றுவிட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான பார்க் கூன் ஹேயும் அங்கே பக்கம் வைத்திருந்தார். இருபதுகளில் இருந்த கொரியர்களில் பத்தில் ஒன்பது பேர் அங்கே இருந்ததாக அந்நாளைய செய்திகள் எழுதின. பிற்பாடு கணக்குகள் 3 கோடியைத் தாண்டின. நாட்டின் மக்கள்தொகை 5 கோடிக்குச் சற்றுக் குறைவு.

கூட்டம் வந்த வழி

இந்தக் கூட்டம் எப்படி வந்தது என்பதில்தான் பின்னால் நடந்ததற்கான விதை இருக்கிறது.

சைவேர்ல்டுக்கு முன்பு கொரியாவில் கொடிகட்டிப் பறந்தது ஃப்ரீசெல் என்ற தளம். குழுக்கள் அமைத்துப் பேசும் இடம். 2002இன் இறுதியில் அந்தத் தளம் குழுக்களுக்கு மாதக் கட்டணம் கேட்டது. தொகை பெரிதில்லை. ஆனால் இதுவரை இலவசமாக உட்கார்ந்திருந்த திண்ணைக்கு வாடகையா என்று ஒருவர் எழுந்தார், அவரோடு பேசிக்கொண்டிருந்தவரும் எழுந்தார், பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பக்கத்துத் தெருவில் இருந்த சைவேர்ல்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த அலை ஓய்வதற்குள், 2003இல், தொலைபேசிப் பெருநிறுவனமான எஸ்கே குழுமத்தின் எஸ்கே கம்யூனிகேஷன்ஸ் சைவேர்ல்டை வாங்கிக்கொண்டது.

கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் போகும். எந்த விதியால் ஃப்ரீசெல் காலியாகிச் சைவேர்ல்ட் நிரம்பியதோ, அதே விதி எட்டு ஆண்டுகள் கழித்துச் சைவேர்ல்டின் கதவைத் தட்டியது.

காலியான வேகம்

2009 நவம்பரில் ஐபோன் கொரியாவுக்கு வந்தது. 2010 மார்ச்சில் காக்காவோடாக் என்ற செய்திச் செயலி வந்தது. அதில் யாரையும் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை, பெயர் வைக்க வேண்டியதில்லை. போனில் இருக்கும் எண்களே உறவுப் பட்டியல் ஆயின. மேசைக் கணினியின் திரைக்கென்று அளந்து செய்த சைவேர்ல்டின் அந்தக் குட்டிச் சன்னலும் பொம்மை அறையும் உள்ளங்கைத் திரைக்குள் அடங்கவில்லை. அழகாகக் கட்டிய வீடு, ஆனால் சாலை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அதே வேளையில் ஃபேஸ்புக்கும் உள்ளே வந்தது. வெளிநாட்டில் படிக்கப் போன கொரிய மாணவருக்கு அங்கே கிடைத்த நண்பர்கள் சைவேர்ல்டுக்குள் வர வழியில்லை. கணக்குத் தொடங்கக் கொரியக் குடிமகனின் பதிவு எண் கேட்ட காலம் அது. 2006இல் அமெரிக்காவில் சைவேர்ல்ட் தனிக் கிளை திறந்தது உண்மை. ஆனால் கொரியத் தளமும் அமெரிக்கத் தளமும் தனித்தனித் தீவுகள். 2010இல் அமெரிக்கக் கிளையை மூடிவிட்டார்கள். அந்த மாணவர் ஃபேஸ்புக்குக்குப் போனார். அவரைப் பார்க்க ஊரிலிருந்த தங்கையும் ஒரு கணக்குத் தொடங்கினாள்.

2011 ஜூலையில் பேரிடி விழுந்தது. சைவேர்ல்டையும் அதன் உடன்பிறப்பான நேட் தளத்தையும் குறிவைத்துத் தாக்கியவர்கள் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் போயின. ஒரு தேசத்தின் பெரும்பகுதியே ஒரே நாளில் களவு போனது. ஏற்கனவே எழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களை இது எழுப்பிவிட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2014இல் எஸ்கே கைகழுவியது, ஊழியர்களே தனி நிறுவனமாக நடத்த முயன்றார்கள். 2015 அக்டோபரில் விருந்தினர் ஏட்டை மூடினார்கள். 2016இல் நிர்வாகம் மாறியது. புதிதாகப் பொறுப்பேற்றவர் ஜியோன் ஜே-வான். ஆம், கட்டணம் கேட்டதால் ஆளொழிந்துபோன அந்த ஃப்ரீசெல் தளத்தை நிறுவியவர். கூட்டம் எழுந்து போவதைக் கண்ணால் பார்த்த ஒருவர், அதே கூட்டம் வந்து உட்கார்ந்த திண்ணையைப் பின்னாளில் காப்பாற்ற வந்தார். முடியவில்லை. 2019 அக்டோபரில் முன்னறிவிப்பு இல்லாமல் தளம் நின்றது. இணைய முகவரிக்கான பதிவே காலாவதியாகும் தேதி நெருங்கியது, கடைசி நேரத்தில் ஓர் ஆண்டு நீட்டித்தார்கள். 2021இல் ஊழியர்களின் சம்பள பாக்கியைத் தீர்க்கும் அளவுக்கான தொகைக்கு, ஏறத்தாழ 100 கோடி வொன்னுக்கு, ஒரு புதிய கூட்டமைப்பு அதை வாங்கியது. 2022 ஏப்ரலில் செயலியாகத் திறந்தது. பழைய முகங்கள் ஆசையோடு எட்டிப் பார்த்தன. பார்த்தவர்கள் தங்கள் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், அழுதார்கள், போய்விட்டார்கள். அங்கே உட்கார்ந்து பேச வேறு யாரும் இல்லை.

நெதர்லாந்தும் ஹங்கேரியும்

கொரியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போனாலும் கதை மாறவில்லை.

நெதர்லாந்தில் 2004இல் தொடங்கிய ஹைவ்ஸ் தளத்தில் ஒருவருக்கு எழுதும் சிறு செய்திக்கு 'கிறுக்கல்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் மக்கள் உள்ள நாட்டில் 1 கோடிக் கணக்குகள் வரை போனது. 2010இல் தெலக்ராஃப் பத்திரிகைக் குழுமம் அதை 4 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியது. மூன்றே ஆண்டுகள். 2013 டிசம்பரில் சமூக வலைத்தளமாக அதன் வாழ்க்கை முடிந்தது. பெயர் மட்டும் விளையாட்டுத் தளமாகச் சில காலம் நீடித்தது.

ஹங்கேரியில் 2002இல் ஐவிவ் தொடங்கியது. ஏற்கனவே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் உள்ளே போக முடியும். அழைப்பு கிடைப்பதே ஒரு பெருமை. 1 கோடிப் பேர் உள்ள நாட்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2006இல் நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான மாக்யார் டெலிகாமின் குழுமம் அதை வாங்கியது. 2014 ஜூன் 30ஆம் தேதி விளக்கை அணைத்தார்கள்.

ஸ்பெயினின் துவென்டி 2006இல் எழுந்தது. 2010இல் தெலெஃபோனிக்கா வாங்கியது. 2016இல் சமூக வலைத்தளம் முடிந்து வெறும் போன் இணைப்பு விற்கும் பெயராக எஞ்சியது. ஜெர்மனியின் ஸ்டூடிவிஸட்டை ஒரு பதிப்பகக் குழுமம் 2007இல் வாங்கியது. 2022இல் அதுவும் மூடப்பட்டது.

வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வாங்கியவர்கள் எல்லாரும் தொலைபேசி நிறுவனங்கள் அல்லது பத்திரிகை, பதிப்பக நிறுவனங்கள். கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, அல்லது உச்சத்தை நெருங்கியபோது வாங்கினார்கள். அவர்களுக்குத் தளம் என்பது முதன்மைத் தொழிலுக்கு ஒரு துணை. இணைப்பு விற்க உதவும், விளம்பரம் பிடிக்க உதவும். தொடங்கிய இளைஞர்களுக்கு அதுவே வாழ்க்கையாக இருந்தது. வாங்கியவர்களுக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. வரவு குறைந்த ஆண்டில் அந்த வரியை அடிப்பது சுலபம்.

எளிய கணக்கு

ஏன் இவ்வளவு வேகமாகக் காலியாகின்றன என்பதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். பத்து நண்பர்கள் ஒரு தளத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இருவர் இருவராக எண்ணினால் 45 உறவுகள். அதில் மூவர் வேறிடம் போய்விட்டால் எஞ்சிய எழுவருக்குள் இருப்பது 21 உறவுகள். போனவர்கள் பத்தில் மூன்று, போன உறவுகளோ பாதிக்கு மேல். ஆள் குறையும் வேகத்தைவிடப் பேச்சு குறையும் வேகம் அதிகம். நாலு பேர் எழுந்து போன திண்ணையில் மிச்சமிருப்பவருக்கும் உட்காரப் பிடிக்காது. சைவேர்ல்டும் ஹைவ்ஸும் ஐவிவும் இறங்கிய வேகத்துக்கு இதுதான் முதல் காரணம். ஏறும்போது தூக்கிவிட்ட கணக்கு, இறங்கும்போது தள்ளிவிட்டது.

முதலில் போகிறவர் யார் என்பதும் முக்கியம். வெளியூரில் உறவு உள்ளவர், வேலைக்காக வெளிநாடு போனவர், பல வட்டங்களில் பழகுபவர். அவரிடம் இரண்டு கணக்குகள் இருக்கும். பத்து பேரைப் பிணைத்திருக்கும் முடிச்சே அவராக இருப்பார். முடிச்சு நழுவினால் மாலை உதிரும். வட்டாரத் தளத்தின் பலம் அதன் எல்லைதான், எல்லாரும் ஒரே மொழி, ஒரே ஊர். எல்லையைத் தாண்டி ஒருவருக்கு உறவு ஏற்பட்ட நாளில் அந்தப் பலமே சுவராகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் செலவு. பத்து லட்சம் பேருக்கான தளத்துக்கும் ஐபோன் செயலி வேண்டும், ஆண்ட்ராய்டு செயலி வேண்டும், பாதுகாப்பு வல்லுநர் வேண்டும், ஆபாசத்தையும் மோசடியையும் களையும் ஆட்கள் வேண்டும். நூறு கோடிப் பேருக்கான தளத்துக்கும் இவை வேண்டும். செலவு ஆள்கணக்கைப் பார்த்துக் குறைவதில்லை. வருமானமோ ஆள்கணக்கைப் பார்த்துத்தான் வருகிறது. ஹங்கேரிய மொழியில் விளம்பரம் கொடுக்க ஹங்கேரியக் கடைகள்தான் உண்டு.

மூன்றாவது, மொழி என்ற வேலி. தாய்மொழியில் வேறு எந்தத் தளமும் இல்லை என்பதுதான் இவற்றுக்கு முதல் காவல். 2008இல் ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கொண்டே தன் சொற்களை மொழிபெயர்க்கத் தொடங்கியது. ஊதியம் இல்லாமல், ஆர்வத்தால், அந்தந்த மொழிக்காரர்களே செய்து கொடுத்தார்கள். தமிழும் அந்த வரிசையில் சேர்ந்தது. மொழிப்பற்றுள்ளவர்கள் தங்கள் மொழிக்குச் செய்த அந்தத் தொண்டு, அந்த மொழியிலேயே பிறந்த சிறிய தளங்களின் வேலியைப் பிடுங்கிப் போட்டது. அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை, தங்கள் மொழி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் உழைத்தார்கள்.

வேறு தொழிலில் பிழைத்தவர்கள்

எல்லாரும் அழிந்துவிடவில்லை. ஆனால் பிழைத்த விதத்தைக் கவனியுங்கள். ஜப்பானில் 2004இல் தொடங்கிய மிக்சி, வந்து பார்த்தவர்களின் காலடித் தடத்தைக் காட்டும் வசதியால் புகழ்பெற்றது. கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் நகர்ந்த பிறகு அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது 2013இல் அது வெளியிட்ட 'மான்ஸ்டர் ஸ்டிரைக்' என்ற கைபேசி விளையாட்டு. 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் லாட்வியாவில் 2004இல் பிறந்த த்ராவுகியெம் தளத்தின் பெயருக்கு 'நண்பர்களுக்காக' என்று பொருள். அந்தக் குழுமம் சம்பாதித்ததை வேறு தொழில்களில் போட்டது. சட்டைகளிலும் கோப்பைகளிலும் கேட்ட படத்தை அச்சிட்டு அனுப்பும் பிரின்ட்ஃபுல் அதில் உலகப் புகழ்பெற்றது.

இரண்டிலும் பிழைத்தது நிறுவனம். நண்பர்கள் கூடிய இடத்துக்குப் பழைய கூட்டம் திரும்பி வரவில்லை.

படங்கள் யாருடையவை?

தளம் மூடுவதில் வணிகர்கள் இழப்பது பணம். மக்கள் இழப்பது வேறு.

2019இல் சைவேர்ல்ட் திடீரென நின்றபோது கொரியாவில் எழுந்த பதற்றம், யாரும் பயன்படுத்தாத ஒரு தளத்துக்காக எழுந்தது. அதில் பேச ஆள் இல்லை என்று போனவர்கள்தான் அலறினார்கள். முதல் காதல், ராணுவத்துக்குப் போகும் முன் நண்பர்களோடு எடுத்த படம், மறைந்துபோன அம்மாவின் முகம் எல்லாம் அங்கே இருந்தன. பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியது? வீட்டுப் பரணில் போட்டதுபோல் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பரண் வேறொருவர் வீட்டில் இருந்தது.

2022இல் சைவேர்ல்ட் மீண்டும் திறந்தபோது அதை நடத்தியவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். இறந்துபோனவர்கள் பொதுவில் விட்டுச்சென்ற படங்களையும் எழுத்துகளையும் குடும்பத்தார் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. இறந்தவர் தனக்கு மட்டும் என்று வைத்ததைக் கொடுக்கலாமா, இணையத்தில் இருப்பதும் சொத்தா, அதற்கு வாரிசு உண்டா என்று அந்நாட்டில் பெரும் விவாதமே எழுந்தது. மகனை இழந்த ஒரு தாய்க்கு, அவன் இருபது வயதில் எழுதிய நாட்குறிப்பின் ஒரு வரி என்ன மதிப்பு என்பதை எந்தக் கணக்கேடும் சொல்லாது.

ஹைவ்ஸும் ஐவிவும் மூடும்போது ஒரு நல்ல காரியம் செய்தன. முன்கூட்டியே நாள் சொல்லி, அவரவர் படங்களைத் தரவிறக்கிக்கொள்ள வழி கொடுத்தன. கடையைச் சாத்துவதிலும் ஒரு மரியாதை உண்டு.

நம் பக்கம்

நம் நாட்டிலும் இதே கதை சில ஆண்டுகளுக்கு முன் நடந்தேறியது. 2020இல் பெங்களூரில் கூ என்ற தளம் தொடங்கியது. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்கு விரிந்தது. மஞ்சள் குருவி அதன் சின்னம். அரசு நடத்திய செயலிப் போட்டியில் பரிசு பெற்றது. அமைச்சர்கள் சேர்ந்தார்கள். 5 கோடிக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கினார்கள். ஆனால் தினமும் வந்து பார்த்தவர்கள் உச்சத்திலேயே சுமார் 21 லட்சம்தான் என்று நிறுவனர்களே விடைபெறும் கடிதத்தில் எழுதினார்கள். வாங்க வந்தவர்களோடு பேச்சு முறிந்தது. 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில், உட்கார்ந்தவர்கள் லட்சக்கணக்கில். தேசப்பற்றும் மொழிப்பற்றும் வாசல்வரை அழைத்து வந்தன. உள்ளே உட்கார வைக்க ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று அரட்டை. சோகோ நிறுவனம் தமிழ்ச் சொல்லையே பெயராக வைத்து 2021இல் கொண்டுவந்த செய்திச் செயலி. நான்கு ஆண்டுகள் அமைதியாக இருந்தது. 2025 செப்டம்பரில் திடீரென்று நாடே அதைத் தரவிறக்கியது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் நாளுக்கு 3.5 லட்சம் பேர் சேரத் தொடங்கியதாகச் சோகோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அதில் சேர்ந்தவர்கள் பலரும் கண்டது ஒன்றுதான்: நாம் வந்துவிட்டோம், ஆனால் பள்ளிக்கூடக் குழுவும் குடும்பக் குழுவும் இன்னும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. சித்தியை மட்டும் கூட்டி வந்தால் போதாது, சித்தியின் சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வர வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் குழுக்களில் சேர்ந்திருக்கும் படங்களையும் அழைப்பிதழ்களையும் யார் பெயர்த்து எடுத்து வருவது?

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழி இருக்கிறது, அதை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். ஏர்டெல் எண்ணிலிருந்து பிஎஸ்என்எல் எண்ணுக்குப் பேச முடிகிறது. 2011 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிகிறது. யுபிஐ வந்த 2016இலிருந்து எந்தச் செயலியில் இருந்தாலும் எந்தச் செயலிக்கும் பணம் அனுப்ப முடிகிறது. காய்கறிக் கடைக்காரர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று நாம் கேட்பதே இல்லை. பணத்துக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் பேச்சுக்கும் உறவுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? செய்திச் செயலிகளும் யுபிஐ போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்புவே கூறியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 முதல் வாட்ஸ்அப் போன்ற பெரியவர்கள் கேட்கும் சிறியவர்களோடு இணைய வழிவிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. தன் தகவல்களை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமையை 2018 முதலே அங்குள்ள குடிமகனுக்குக் கொடுத்திருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. முந்தைய வரைவில் இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. நாம் இறந்த பின் நம் தரவு குறித்த உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்ற நல்ல பிரிவு அதில் இருக்கிறது. அந்த அளவுக்கு யோசித்தவர்கள் இதையும் சேர்த்திருக்கலாம்.

சிறிய வட்டாரத் தளங்கள் தோற்றது மொழி சிறியது என்பதாலோ ஆர்வம் குறைவு என்பதாலோ இல்லை. உறவுகளை ஒரு நிறுவனத்தின் சுவருக்குள் பூட்டிவைக்கும் முறை இருக்கும்வரை, பெரிய சுவர் வைத்திருப்பவரே வெல்வார். கொரிய மொழியில் உறவுக்குப் பெயர் வைத்த தளமும் வெல்லாது, தமிழில் பெயர் வைத்த செயலியும் திணறும். சமூக வலைத்தளங்களின் சுவரிலும் கதவு வைக்கச் சட்டம் வந்தால் மட்டுமே லாட்வியாவிலும் ஹங்கேரியிலும் தமிழ்நாட்டிலும் நாலு பேர் கூடும் திண்ணைகள் நிலைக்கும்.

அந்தச் சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். நீங்கள் பயன்படுத்தும் பெரிய தளங்கள் பலவற்றிலும் அமைப்புகள் பகுதிக்குப் போனால் உங்கள் தகவலைத் தரவிறக்க ஒரு வழி இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படங்களையும் எழுதியவற்றையும் இறக்கி, உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு வன்தட்டில் சேமியுங்கள். மிக வேண்டியவற்றை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனில் இருப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள். இன்று பெரிதாக இருக்கும் தளங்களும் ஒருநாள் மூடப்படலாம். அன்றைக்கு உங்கள் அம்மாவின் படம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.